ஒருமனதாக

மினிட்ஸ் அக்காவுக்கு அன்று காலையில் இரண்டே இரண்டு கவலைகள். ஒன்று, மகளின் கல்லூரி நேர்காணல். இன்னொன்று, தம்பியின் கடை. இரண்டும் ஒரே கவலைதான் என்பது பத்தரை மணி வரைக்கும் அவளுக்குத் தெரியாது.

நகரசபைக் கூட்டங்களில் யார் என்ன பேசினார்கள், என்ன முடிவானது என்று குறிப்பு எழுதுவது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி, அதே மேசை. அவளைவிட வயதில் மூத்த உறுப்பினர்கள்கூட அவளை மினிட்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வேலைக்குக் காது வேண்டும், வாய் கூடாது. வாயை அவள் வீட்டுக்கு மிச்சம் பிடித்து வைத்திருந்தாள்.

வீட்டில் மூன்று வாரமாக நடக்கும் சண்டை நமக்குத் தெரிந்ததுதான். பள்ளிப்படிப்பு முடித்த மகள் அடுத்து என்ன படிப்பது?

நாலு வயதில் ஒரு பிஸ்கட்டுக்காக அரை மணி நேரம் வாதாடி, கடைசியில் இரண்டு பிஸ்கட்டோடு போனவள் அவள். அன்றைக்கு அப்பா வைத்த பெயர் வக்கீல். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அந்த அப்பா, "பேர் வெச்சாச்சு, படிப்பு மட்டும்தான் பாக்கி. சட்ட முன்படிப்புல சேரு, மூணு வருஷம் கழிச்சு லா காலேஜ், அப்புறம் கோட்டு மாட்டிக்கோ" என்று ஒற்றைக் காலில் நின்றார்.

அம்மாவுக்குப் பொது நிர்வாகம்தான் பிடித்தது. "படிச்சு முடிச்சா எங்க ஆபீஸ்லயே அதிகாரியா வரலாம். கதவு வெச்ச ரூம்" என்பாள். கதவு வைத்த அறை அவளுக்குப் பத்தொன்பது வருஷக் கனவு.

வக்கீலோ அரசியல் அறிவியல்தான் என்று அடம் பிடித்தாள்.

"அதைப் படிச்சா என்ன வேலைடி கிடைக்கும்?"

"கேள்வி கேக்கற வேலை."

"அதை நீ சும்மாவே செஞ்சுட்டிருக்கே. அதுக்கு எதுக்கு மூணு வருஷம்?"

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் போன ஞாயிற்றுக்கிழமை சாவிக்கடை மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வரிசையாகப் பதினொரு கடைகள், அதில் மூன்றாவது அவருடையது. பூட்டு ரிப்பேர், மாற்றுச் சாவி. கடைகளை எடுத்துவிட்டு வண்டி நிறுத்தும் இடம் கட்டப்போகிறார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு. சமையலறை வாசலில் நின்றுகொண்டு அவர் அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கூட்டத்துல எப்படிக்கா முடிஞ்சுது?"

"ஒருமனதா முடிஞ்சுதுடா. ஒண்ணும் பண்ண முடியாது."

மாமா தலையை ஆட்டிக்கொண்டு போனார். தண்ணீர் குடிக்க வந்த வக்கீல், டம்ளரைக் கையில் எடுத்தவள், குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். அதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

நேர்காணல் அறை மாடியில். நீள மேசை, தண்ணீர் ஜாடி, ஓடுகிறேன் என்று சத்தம் மட்டும் போடுகிற மின்விசிறி. மேசைக்கு அந்தப் பக்கம் துறைத்தலைவர். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பெற்றோரில் ஒருவர் கூட இருக்கலாம் என்பதால் மினிட்ஸ் அக்கா சுவரோர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் கை பேனாவைத் தேடியது.

"மூணு படிப்புக்கும் ஒரே நேர்காணல்தாம்மா" என்றார் துறைத்தலைவர். "அரசியல் அறிவியல், பொது நிர்வாகம், சட்ட முன்படிப்பு. முதல் வருஷம் பாதிப் பாடம் மூணுக்கும் பொது. எது முதல்ல வேணும், எது ரெண்டாவதுன்னு இந்தத் தாள்ல நம்பர் போட்டு அஞ்சு மணிக்குள்ள கீழே கொடுத்தா போதும்."

வக்கீல் தாளை வாங்கிக்கொண்டாள். மூன்று படிப்பின் பெயர்கள், பக்கத்தில் மூன்று காலிக் கட்டங்கள்.

"இப்ப உன் அறிக்கைக்கு வருவோம்."

விண்ணப்பித்த எல்லோரும் ஏதாவது ஒரு பொதுக்கூட்டத்துக்குப் போய்ப் பார்வையாளராக உட்கார்ந்து, கண்ணால் பார்த்ததையும் பிறகு வெளியாகும் அதிகாரபூர்வக் குறிப்பையும் ஒப்பிட்டு நாலு பக்கம் எழுத வேண்டும். பார்க்கப் போகிறோம் என்று கூட்டத்தில் இருப்பவர்களிடம் முன்னாடியே சொல்லக் கூடாது. இதுதான் விதி. மகள் எந்தக் கூட்டத்துக்குப் போனாள் என்று அம்மா கேட்டபோதெல்லாம், "விதிம்மா" என்று ஒரே பதில். மின்சார வாரியமோ, பள்ளிக் குழுவோ என்று அம்மாவும் விட்டுவிட்டாள்.

துறைத்தலைவர் கண்ணாடியை மாட்டினார். "நாங்க படிச்ச அறிக்கையிலேயே இதுதான் நல்ல அறிக்கை. அதனாலதான் ஒரு இடத்தை உன்கிட்ட நேரடியா கேக்கணும்."

படித்தார்.

"'நகரசபைக் கூட்டத்தின் விவாதப் பட்டியலில் ஏழாவது பொருள், பேருந்து நிலையத்தின் பின்புறமுள்ள பதினொரு கடைகளை அகற்றுவது. இரண்டு உறுப்பினர்கள் எழுந்து நின்று எதிர்த்தார்கள். ஒருவர் மேசையைத் தட்டினார். தலைவர், உங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்கிறோம் என்றார். பதிவு செய்ய வேண்டியவர் அங்கே இல்லை. ஏழாவது பொருள் நடந்த நான்கு நிமிடங்களும் குறிப்பு எழுதுகிறவரின் நாற்காலி காலியாக இருந்தது. வெளியான குறிப்பிலோ தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாக இருக்கிறது.'"

மினிட்ஸ் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முதலில் அவளுக்குப் புரிந்தது, மகள் அன்று அங்கே இருந்திருக்கிறாள் என்பது மட்டும்தான். பார்வையாளர் மாடத்தில், தூணுக்குப் பின்னால் எங்கேயோ. அப்புறம்தான் மிச்சம் புரிந்தது.

இரண்டு பேர் எதிர்த்தார்களா? எழுந்து நின்றா? மேசையைத் தட்டியா?

அவளுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவள்தான் அங்கே இல்லையே.

துறைத்தலைவர் தாளைக் கீழே வைத்தார். சுவரோரத்தில் இருக்கும் அம்மா யார், எங்கே வேலை என்றெல்லாம் அவருக்குத் தெரியாது. "இது சின்ன விஷயம் இல்லம்மா. ஒருத்தர் எதிர்த்தாக்கூட, தீர்மானத்தை இருபத்தொரு நாள் பலகையில ஒட்டி மக்கள்கிட்ட ஆட்சேபம் கேக்கணும். ஒருமனதுன்னா அது வேண்டியதில்லை. இந்த ஒரு வார்த்தையால பதினொரு குடும்பத்துக்கு வாயைத் திறக்கற வழியே போயிடுச்சு. நல்ல அறிக்கைகளை நாங்க நூலகத்துல வைப்போம், யார் வேணாலும் படிக்கலாம். அதனால கேக்கறேன். இது நீ கண்ணால பார்த்த உண்மைதானா?"

வக்கீல் கையிலிருந்த தாளின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

"சந்தேகம்னா இப்பவே திரும்ப வாங்கிக்கலாம். ஆனா அறிக்கை இல்லாம இந்த வருஷம் உன்னை எடுத்துக்க முடியாது."

வக்கீல் திரும்பி ஒரு தடவை அம்மாவைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

"திரும்ப வாங்கிக்கறேன் மேடம்."

பிஸ்கட்டை விட்டுக்கொடுக்காதவள் ஒரு வருஷப் படிப்பை விட்டுக்கொடுத்துவிட்டாள்! அம்மாவுக்கு இது முதல் அதிர்ச்சியைவிடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. தனக்காகத்தான் விட்டுக்கொடுக்கிறாள் என்பது புரிய ஒரு விநாடிகூட ஆகவில்லை. அடுத்த விநாடி, பத்தொன்பது வருஷமாகக் கூட்டத்தில் வாய் திறக்காதவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அறிக்கை அங்கேயே இருக்கட்டும் மேடம். அதுல எழுதியிருக்கறது உண்மை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த நாற்காலி என்னோடது."

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு அறிக்கையை எடுத்துக் கோப்புக்குள் திரும்ப வைத்தார்.

கீழே அப்பா டிரைவிங் ஸ்கூல் காரோடு காத்திருந்தார். கூரைமேல் பயிற்சிப் பலகை, கண்ணாடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பூ. அந்தக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிற ஆசிரியருக்கு ஒரு பிரேக். வீட்டுக்காரர் ஓட்டும்போது அந்த இரண்டாவது பிரேக்குக்கு மேல்தான் மினிட்ஸ் அக்காவின் கால்.

"என்ன, வக்கீல் ஜெயிச்சாச்சா?" என்றபடி வண்டியைக் கிளப்பினார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தவருக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. "ஏம்மா, என்ன ஆச்சு? ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?"

மகள் பின்சீட்டிலிருந்து சொன்னாள். நாலே வாக்கியம். கேட்டு முடிக்கும்வரை அப்பா இரண்டாவது கியரை விட்டு ஏறவே இல்லை.

"சரி, அறிக்கையைக் கொடுத்தே, அது போகட்டும். என்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" அம்மா திரும்பாமல் கேட்டாள். "வெளியாளு வாயால நான் அதைக் கேக்கணுமா?"

"படிச்சுக் காட்டுவாங்கன்னு நான் நினைக்கலைம்மா."

"ஒரு வாரமா ஒரே வீட்ல இருக்கோமே."

"கேக்கப் பயமா இருந்துச்சு."

"என்ன பயம்?"

வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "யாரோ சொல்லித்தான் நீ வேணும்னே வெளியே போயிட்டேன்னு நினைச்சேன். ஒருமனதுன்னு எழுதச் சொல்லியிருப்பாங்க, நீயும் எழுதிட்டேன்னு. மாமாகிட்டயும் நீ அப்படியே சொன்னே இல்ல, ஞாயித்துக்கிழமை? அதுக்கப்புறம் உன்கிட்ட எப்படிக் கேப்பேன்?"

மினிட்ஸ் அக்காவின் கால் இரண்டாவது பிரேக்கை ஓங்கி மிதித்தது.

கார் நடுத்தெருவில் குலுங்கி நின்றது. பிளாஸ்டிக் பூ பறந்து அப்பாவின் மடியில் விழுந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், ஒருவர் தலையை வெளியே நீட்டி, "முதல்ல ஒழுங்கா கத்துக்கிட்டு ரோட்டுக்கு வாங்கய்யா!" என்று கத்திவிட்டுப் போனார். இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டார்.

மினிட்ஸ் அக்கா அழவில்லை. அழுகையைத் தாண்டிய இடத்தில் இருந்தாள். வயிற்றில் சுமந்த பிள்ளை ஒரு வாரமாகத் தன்னை ஒரு பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டு, தன் கையால் சாப்பிட்டு, தனக்கு முன்னால் தலை வாரிக்கொண்டு பள்ளிச் சான்றிதழ்களை அடுக்கியிருக்கிறாள். அதைவிடக் கொடுமை, அவள் அப்படி நினைத்ததில் தப்பே இல்லை.

"போன் வந்துச்சுடி" என்றாள். "இந்தக் காலேஜ்லேருந்துதான். உன் மார்க் ஷீட் தெளிவா விழலையாம். பன்னிரண்டு மணிக்குள்ள மறுபடி அனுப்பலைன்னா விண்ணப்பம் ரத்துன்னாங்க. ஆறாவது பொருள் முடியற நேரம். எழுந்து வெளியே ஓடினேன். இத்தனை வருஷத்துல கூட்டத்துக்கு நடுவுல எழுந்தது அது ஒரு தடவைதான். அனுப்பிட்டு வந்தேன், எட்டாவது ஓடிட்டிருந்துச்சு. ஏழாவதும் வழக்கம் போல ஒருமனதாத்தான் போயிருக்கும்னு நினைச்சேன். நினைச்சதை எழுதிட்டேன்."

"போன் எனக்காகவா?" வக்கீலின் குரல் கீச்சென்று வந்தது. அவ்வளவுதான். முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள்.

அப்பா பூவை எடுத்துப் பழைய இடத்தில் செருகினார். வண்டியைக் கிளப்பும்போது மெதுவாகச் சொன்னார். "இப்படியே விட்டுட்டா என்ன? மச்சானுக்கு வேற இடம் பார்த்துக் கொடுப்போம். உன் வேலைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆபீசுக்கு விடுங்க" என்றாள் மினிட்ஸ் அக்கா.

நகரசபைச் செயலர் அம்மையார் வெளி வேலை முடிந்து கதவு வைத்த அறைக்குத் திரும்பும்போது மணி இரண்டே முக்கால். மினிட்ஸ் அக்கா உள்ளே போனதும் நாற்காலியைக் காட்டினார். அக்கா உட்காரவில்லை. நின்றபடியே ஒன்றுவிடாமல் சொன்னாள். காத்திருந்த நேரத்தில் திருத்தக் குறிப்பு ஒன்றையும் எழுதி வைத்திருந்தாள்.

செயலரின் முகம் வெளுத்துவிட்டது. அந்தக் குறிப்பின் கடைசியில் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். நீங்கள் எழுதினால் நான் எதற்குப் படிக்கணும் என்பது அவர் வழக்கமாகச் சொல்கிற பாராட்டு.

"இதை நான் வாங்க முடியாது" என்றார் கடைசியில். "நீங்க எழுதினதை நீங்களே மாத்த முடியாது. அதுவும் தம்பி கடை அதுல இருக்கறப்ப! ஊர் என்ன சொல்லும்? கூட்டத்துல நேர்ல இருந்த யாராவது எழுத்துல ஆட்சேபம் கொடுத்தாத்தான் செல்லும். திங்கட்கிழமைக் கூட்டத்துல குறிப்பை உறுதி பண்ணிடுவாங்க. அதுக்கப்புறம் கடவுளே வந்தாலும் ஒண்ணும் நடக்காது. செவ்வாய்க்கிழமை காலையில இடிக்கற வண்டி வருது."

"எதிர்த்த ரெண்டு உறுப்பினருக்கும் போன் போட்டேன் மேடம். ஒருத்தர் ஆஸ்பத்திரியில இருக்கார். இன்னொருத்தர் வெளியூர், போன் எடுக்கலை. மத்தவங்க எல்லாம் ஆதரிச்சவங்க, எழுத மாட்டாங்க."

"அப்ப வேற யார் இருந்தாங்க?"

மினிட்ஸ் அக்கா வாசல் பக்கம் பார்த்தாள். கதவுக்கு வெளியே பெஞ்சில் காலிக் கட்டங்கள் உள்ள தாளை மடியில் வைத்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள்.

செயலர் அந்தப் பார்வையைத் தொடர்ந்து போய்ப் பார்த்தார். "வேண்டாம்" என்றார், அதிகாரியாக இல்லாமல் பெண்ணுக்குப் பெண்ணாக. "அந்தப் பொண்ணு எழுதினா உங்க மேலதான் விசாரணை வரும். தெரியுதா?"

"தெரியுது மேடம்."

"திங்கட்கிழமைக்கு முன்னாடி ஆபீஸ் இருக்கறது இன்னைக்கு மட்டும்தான். நாலு மணிக்குள்ள தபால் பதிவேட்டுல ஏறணும்."

"அதுவும் தெரியும்."

மணி மூன்று ஐந்து.

மினிட்ஸ் அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மகள் சொன்னாள், அம்மா தட்டச்சு செய்தாள். அந்தக் கட்டடத்தில் அவளைவிட வேகமாக அடிக்க ஆளில்லை. தன் தலைக்கு வைக்கிற கொள்ளியையும் பிழையில்லாமல் அடிப்பாள்.

"'இரண்டு உறுப்பினர்கள் எழுந்து நின்று எதிர்த்ததை நான் நேரில் பார்த்தேன்.' போதும்மா. முடிச்சிடு."

"போதாது. அப்ப எப்படி ஒருமனதுன்னு பதிவாச்சுன்னு முதல் கேள்வியே அதான் வரும். நாற்காலி வரியைச் சொல்லு."

"மாட்டேன்."

"நீ சொல்லலைன்னாலும் எனக்குத் தெரியும்." அம்மாவின் விரல்கள் ஓடின. குறிப்பு எழுதுகிறவரின் நாற்காலி காலியாக இருந்தது. ஒரு எழுத்துகூடத் தடுமாறவில்லை. "நாலு நிமிஷம்னு எழுதியிருக்கே. ஆறு. என் போன்லயே இருக்கு, பாரு."

கண்ணில் நீர் நிற்கும்போதும் வக்கீல் வக்கீல்தான். "நான் பார்த்ததைத்தான் நான் எழுத முடியும். ஏழாவது பொருள் நடந்தது நாலு நிமிஷம். நீ வெளியே இருந்தது ஆறு. ஆறுக்கு சாட்சி நான் இல்லை, உன் போன்."

அம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தக் கஷ்டத்திலும் சிரிப்பு வந்தது. "சரி, நாலே இருக்கட்டும்."

அப்பா போனில் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வக்கீலுக்கு முதல் வழக்கே அம்மா மேலயா?" என்றார். பிறகு, "சட்டம் வேண்டாம்டா கண்ணு. வேற ஏதாவது படி" என்று வைத்துவிட்டார்.

"எனக்கும் உன்னை இந்த ஆபீஸ்ல உக்கார வெக்கற ஆசை போயிடுச்சு" என்றாள் அம்மா, தாளை உருவிக்கொண்டே. "கேள்வி கேக்கற படிப்பே படி. நல்லாத்தான் கேக்கறே."

"கேள்வி மட்டும் கேட்டு என்னம்மா ஆச்சு? எல்லாத்தையும் மாடத்துல உக்காந்து பார்த்தேன். எழுதினேன். மாமாகிட்ட வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலையே?"

மூன்று வாரமாக மூன்று பேர் மூன்று பக்கம் இழுத்த படிப்பு, இப்போது இழுக்க ஆளில்லாமல் மேசைமேல் கிடந்தது. மூன்று கட்டமும் காலி. அதற்கு ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது. ஆட்சேபத்துக்கு நாலு மணிதான்.

வக்கீல் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

மூன்றே முக்காலுக்கு இருவரும் தபால் பிரிவுக்கு ஓடினார்கள். பதிவு செய்கிறவர் டீ குடிக்கப் போயிருந்தார். "அக்கா, நீங்களே நம்பர் போட்டுக்குங்க" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து குரல் மட்டும் வந்தது. மினிட்ஸ் அக்கா பதிவேட்டைப் பிரித்தாள். அன்றைய கடைசி எண் முன்னூற்றுப் பன்னிரண்டு. அதற்கு நேரே எழுதியிருந்த பொருளைப் படித்ததும் அவள் பேனா அந்தரத்தில் நின்றது.

பேருந்து நிலையப் பின்புறக் கடைகள்.

பக்கத்தில் இருந்த தபால் தட்டில் மேலாகக் கிடந்த கடிதத்தை எடுத்தாள். வலது பக்கம் சாய்ந்து சாய்ந்து போகும் எழுத்து. பிறந்ததிலிருந்து பார்க்கிற எழுத்து. பள்ளியில் அவள்தான் கையைப் பிடித்து நேராக்கப் பார்த்துத் தோற்றாள். சாவிக்கடை மாமாவுடையது.

'ஐயா, எங்கள் கடைகளை அகற்றும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று என் அக்காவே என்னிடம் சொன்னார். அவர் பத்தொன்பது வருஷமாக அதே சபையில் குறிப்பு எழுதுகிறவர். வழக்குப் போடலாம் என்று மற்றவர்கள் சொன்னபோது, என் அக்கா எழுதினால் அது தப்பாக இருக்காது என்று பத்துப் பேரையும் நானே சமாதானம் செய்தேன். எங்களுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. இன்று மாலைக்குள் காலி செய்துவிடுகிறோம். சாவிகளை இத்துடன் ஒப்படைக்கிறோம்.'

கீழே பதினொரு கையெழுத்துகள். முதல் கையெழுத்து தம்பியுடையது.

தட்டின் ஓரத்தில் ஒரு வளையம். அதில் பதினொரு சாவிகள். ஒவ்வொன்றிலும் கடை எண் குத்திய சின்னத் தகடு. எந்தச் சாவி எந்தக் கடைக்கு என்று அலுவலகத்தில் யாரும் திண்டாடக் கூடாது என்று தானே உட்கார்ந்து குத்தியிருக்கிறான். அவன் வேலை எப்போதும் அப்படித்தான் சுத்தம்.

"என்னம்மா?" மகள் எட்டிப் பார்த்தாள். படித்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

மினிட்ஸ் அக்கா அடுத்த வரியில் முன்னூற்றுப் பதிமூன்று என்று எழுதினாள். மகளின் ஆட்சேபத்தில் முத்திரை குத்தினாள். முன்னூற்றுப் பன்னிரண்டு அவளை நம்பி வந்த கடிதம், முன்னூற்றுப் பதிமூன்று அவளைக் காட்டிக்கொடுக்கிற கடிதம். இரண்டும் ஒரே குடும்பத்திலிருந்து, ஒரே நாளில். பாதிக்கப்பட்டவர்களே ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்ட பிறகு, ஒரு பள்ளிப் பெண்ணின் ஆட்சேபத்தை யார் மதிக்கப் போகிறார்கள்?

உடனே தம்பிக்குப் போன் போட்டாள். நாலாவது மணியில் எடுத்தான். பின்னால் தகரக் கதவு இறங்கும் சத்தம், யாரோ, "பார்த்துத் தூக்குப்பா" என்று கத்தும் சத்தம்.

"சொல்லுக்கா. மேல் பலகையைக் கழட்டிட்டோம். இன்னும் நாலு கடைதான் பாக்கி. எல்லாரும் உன்னைத்தான் சொல்லிட்டிருக்காங்க. நீ மட்டும் உண்மையைச் சொல்லலைன்னா வீணா கோர்ட்டுக்கு அலைஞ்சிருப்போம்னு."

மினிட்ஸ் அக்கா சாவி வளையத்தைத் தட்டிலிருந்து எடுத்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"அக்கா? லைன்ல இருக்கியா?"